மன்னார்குடி எம்.ஜி. வண்டி

கும்பகோணம்
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள ரங்கராஜனுக்கு,

உன் கடிதமும் புகைப்படங்களும் கிடைத்தன. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று நீ எழுதியிருந்த பத்தியை மட்டும் சரோஜா என்னை மறுபடி வாசிக்கச் சொன்னாள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்தால் கவலையில்லை. என் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

இனி வண்டி. நீ கேட்டபடி மன்னார்குடி போய், பாமணி ஆற்றைத் தாண்டி, அந்தப் பண்ணை வீட்டில் நிற்கும் பழைய எம்.ஜி. டி.டி. ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டேன். நீ பொறுமையில்லாதவன் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கேட்கும் 15 லட்சம் அது பெறாது. 7 லட்சத்துக்குப் படிந்தால் விடாதே. சென்னைத் தரகர் உனக்குக் காட்டிய, அதே மாடல் பச்சை வண்டியை, என்னதான் மினுமினுத்தாலும், 28 லட்சம் கொடுத்து வாங்காதே.

மன்னார்குடி வண்டி 1952-ஆம் வருடத்தது. 1949 கடைசியிலிருந்து 1953 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் இந்த மாடலை முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டி என்று தரகர் உன்னிடம் அளந்ததெல்லாம் சுத்தப் பொய். ஆனால் அவ்வளவு விற்றதில் உனக்கு ஒரு லாபம் உண்டு. கேஸ்கட்டிலிருந்து மட்கார்டு வரை இன்றைக்கும் அதற்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காசும் சுங்கவரியும் கட்ட மனசு இருந்தால் ஏறக்குறைய எல்லாம் வந்து சேரும்.

பார்வைக்கு இரும்பு வண்டி, உள்ளே மரம். இதைத்தான் வாங்குகிற பலர் கவனிப்பதில்லை. கீழே வண்டியைத் தாங்கும் சேசிஸ் இரும்பு. அதன்மேல் ஆஷ் என்ற சீமை மரத்தில் சட்டம் கட்டி, சட்டத்தின்மேல் தகட்டைப் போர்த்தி ஆணியடித்திருக்கிறார்கள். ஆஷ் வளைந்து கொடுக்கும், அதிர்ச்சி தாங்கும். ஈரமும் பூச்சியும் சேர்ந்தால் தாங்காது. நம் மாவட்டத்தில் இரண்டுக்கும் என்றைக்குப் பஞ்சம்? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது கொட்டகை ஓடுகள் பறந்துவிட்டன. தென்னை விழுந்த கவலையில் காரை யார் நினைத்தார்கள்? மறுபடி ஓடு மாற்றும்வரை வண்டி கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே நனைந்து கிடந்திருக்கிறது. பிறகு கறையான் வந்திருக்கிறது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். இந்த மாடலில் கதவின் கீல் பின்பக்கத் தூணில் இருக்கும். திறந்த மாத்திரத்தில் கதவு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். கதவோடு தூணும் சேர்ந்து எழும்பியது. கீல் தேய்ந்திருந்தால் கதவு மட்டும்தான் ஆடும். தூணே எழும்பினால் அது நிற்கும் அடிக்கட்டை போய்விட்டது என்று பொருள். விரிப்பை விலக்கி அடிக்கட்டையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினேன். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது தவிட்டு நிறத்தில் தூள் கொட்டியது. பின்சக்கரத்தின் உட்புறத்திலிருந்து சேசிஸ்மேல் விரல் தடிமனில் மண்குழாய் கட்டிக்கொண்டு கறையான் ஏறியிருக்கிறது. வலப்பக்கம் முழுவதும் காலி. இடப்பக்கத்தில் முக்கால்வாசி தேறும்.

அந்த முக்கால்வாசிதான் நமக்கு வேண்டும். திருவாரூர்ப் பக்கம் தேர் வேலை செய்கிற ஆசாரி ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். இடப்பக்கத்தை அளவெடுத்து, அதையே திருப்பிப்போட்டு வலப்பக்கத்தைத் தேக்கில் செய்துவிடலாம் என்கிறார். முழுச் சட்டத்தையும் ஆஷிலேயே இங்கிலாந்திலிருந்து வரவழைக்கவும் முடியும். கண்காட்சியில் பரிசு வாங்க வேண்டுமென்றால் ஆஷ், ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தேக்கு. நான் தேக்குக் கட்சி. மரமும் கூலியுமாக இரண்டரை லட்சம் போட்டிருக்கிறேன்.

எஞ்சின் நான் பயந்ததைவிடப் பரவாயில்லை. பிளக்குகளைக் கழற்றி டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டுவந்தேன். அடுத்த முறை போய் முன்னாலிருந்து கைப்பிடியைப் போட்டுத் திருப்பியபோது முனகிக்கொண்டே முழுச் சுற்றும் சுற்றியது. அதற்காக ஸ்டார்ட் செய்துபார்க்க அவசரப்படாதே. ஆயில் பால்விட்ட காபி நிறத்தில் இருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் வால்வு உட்காரும் இடங்களுக்கு நடுவே விரிசல் விடும் வழக்கம் உண்டு. ஹெட்டைக் கழற்றிச் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது. நெடுநாள் நின்றுபோனால் ஆயில் பம்ப்பும் உறிஞ்ச மறுக்கும். முதலில் கையால் எண்ணெய் நிரப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிய முதல் நிமிடத்திலேயே பேரிங்குகள் போய்விடும்.

இன்னொரு விசித்திரம். இதன் போல்ட்டுகளில் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு. இது தெரியாமல் யாரோ ஒரு மகானுபாவர் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் கடைத்தெரு போல்ட்டுகளை முறுக்கி அடித்து ஏற்றியிருக்கிறார். மரை அறுந்து தொங்குகிறது. லேத் வேலை, புது பிஸ்டன், பேரிங்குகள், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் பிரித்துச் சரிசெய்வது எல்லாம் சேர்த்து மூன்று லட்சம்.

நான் ஏழு லட்சமாவது கொடுக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. சாமான்கள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினார்கள். பக்கத் திரைகளின் சட்டங்கள், ஜாக்கி, துணிக்கூரையான ஹூட்டின் கம்பிகள், ஹெட்லைட் வளையம், எண்கோண எம்.ஜி. முத்திரை போட்ட மூடிகள், பழைய சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் உள்ளே இருந்தன. துணியை எலி தின்றிருக்கிறது, போகட்டும். முப்பது வருடம் விபத்து வண்டிகளுக்கு நஷ்டக் கணக்குப் போட்டவன் சொல்கிறேன்: பெரிய சாமானுக்கு விலை தெரியும், ஆள் தெரியும். உன்னைத் திவாலாக்குவது இந்தச் சில்லறைச் சாமான்கள்தான். இங்கே குறைவது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரும், டைனமோவின் பின்னாலிருந்து அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரப் பெட்டியும். அவற்றின் விலையைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

எண்களைப் பார்த்தேன். சேசிஸின் முன்பக்க இடது நுனியில் துருவைச் சுரண்டியதும் டி.டி. என்ற எழுத்தும் எண்ணும் தெளிந்தன, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. இந்த வண்டிகளின் எண் வரிசை 251-இல்தான் தொடங்கும். அது ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண்ணாம்! எஞ்சினிலுள்ள பித்தளைத் தகட்டை மட்டும் நம்பி எந்த வண்டியையும் வாங்காதே. சுவாமிமலையில் நடராஜரையே வார்க்கிற ஊர்க்காரர்கள் நாம், ஒரு எண்கோணத் தகடு எம்மாத்திரம்?

இப்போது பச்சை வண்டி. நீ அனுப்பிய படங்களில் கதவு இடைவெளியைப் பார். மேலே நூல் அளவு, கீழே விரல் அளவு. சட்டம் தொங்கிய பிறகு பட்டி அப்பிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மன்னார்குடி வண்டி தன் நோயை வெளியே காட்டுகிறது, பச்சை வண்டி அதை மறைத்து வைத்திருக்கிறது. பானட் திறந்த படத்தில் உள்ளே இருப்பது அம்பாசடர் எஞ்சின். எம்.ஜி. கம்பெனியே பின்னால் வந்த எம்.ஜி.ஏ.வில் அந்த 1489 சி.சி. குடும்பத்து எஞ்சினைப் போட்டது என்று தரகர் வாதாடுவார். உண்மைதான். ஆனால் டி.டி.யில் இருக்க வேண்டியது 1250 சி.சி. எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சின்.

இது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. பழைய பதிவு இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மன்னார்குடி வண்டியின் மெட்ராஸ் ராஜ்ய காலத்து எண்ணுக்கு அந்த யோகம் உண்டு. கண்காட்சிக்கும் பந்தய அணிவகுப்புக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு தினம் ஆபீஸ் போகிற ஆசை இருந்தால் இப்போதே அழித்துவிடு.

கூட்டிப் பார். மரமும் எஞ்சினும் ஐந்தரை. பிரேக், சஸ்பென்ஷன், டயர், வயரிங், டிங்கரிங், பெயிண்டிங், சீட், ஹூட், குரோம், அந்த டாக்கோமீட்டர் எல்லாமாக ஏழரை. ஆக 13 லட்சம். பிரித்த பிறகு தெரியவருவதற்காக இன்னும் முப்பது சதவீதம் வை. வைக்காதவர்களின் வண்டிகள்தான் பட்டறைகளில் பாதியில் நிற்கின்றன. ஏறக்குறைய 17 லட்சம். ஏழுக்கு வாங்கினால் 24-இல் முடியும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆணி ஆணியாகத் தெரியும். பதினைந்துக்கு வாங்கினால் 32. பச்சை வண்டிக்கு 28 கொடுத்துவிட்டு, மரத்துக்காக அந்தப் பளபளப்பையே பிரித்துப்போட்டு, அசல் எஞ்சினையும் தேடி அலைய வேண்டும்.

ஒரே சிக்கல் வீட்டுக்காரர்கள். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பேரன்கள் மூவர், ஒருவர் மஸ்கட்டில். என்னிடம் பேசியவர் நடுப்பிள்ளை; மிகவும் மரியாதையானவர், மோர் கொடுத்து உபசரித்தார், ஆனால் விலையை ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மூத்தவர் விற்க விரும்புகிறார் என்பதைக் கணக்குப்பிள்ளை வாயிலிருந்து தெரிந்துகொண்டேன். வாரிசுச் சான்றிதழும் மூவர் கையெழுத்தும் வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதே. பங்காளி வழக்கில் மாட்டிய வண்டியை ஆசாரியும் காப்பாற்ற முடியாது.

நீ சரி என்றால், ஆறில் ஆரம்பித்து நான் பேசுகிறேன். நீ நேரில் வராதே, உன் முகத்தைப் பார்த்தாலே விலை ஏறிவிடும். தைக்கு முன் பதில் போடு. அறுவடை தொடங்கிவிட்டால் அந்த ஒற்றைச் சாலை முழுக்க அறுவடை இயந்திரங்களும் நெல் லாரிகளுமாக நிற்கும், தளமுள்ள லாரி உள்ளே போகாது. வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடமாட்டேன், இருக்கிற சட்டமும் உதிர்ந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் தள்ளுருளை வைத்துத்தான் ஏற்ற வேண்டும், அதற்குக் கோயமுத்தூரில் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
வைத்தி