ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடு

அன்புள்ள மலருக்கு,

இங்கே அனைவரும் நலம். கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

மூன்று ஞாயிறாகப் படிப்பைப் பற்றிக் கேட்டால் "போகுதுப்பா" என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். தம்பிதான் சொன்னான். ஆன்லைன் வகுப்பு விவாதத்தில் உன் பதிலும் இன்னொரு பெண்ணின் பதிலும் வரிக்கு வரி ஒன்றுபோல இருந்ததாம். ராத்திரி பதினொன்றரைக்கு, எல்லாரும் பார்க்க, அவள் பெயரைப் போட்டுத் திருட்டு என்று எழுதினாயாம். இரண்டு பேர் மார்க்கையும் ஆசிரியர் நிறுத்தி வைத்திருக்கிறாராம். அவனைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன்.

வேலைக்கும் போய்க்கொண்டு எம்.ஏ. படிக்கிறாய். அதை இந்தத் தெருவில் நான் யாரிடம் சொல்லவில்லை! பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்குக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றவள் நீ. அது எனக்கு இன்றும் பெருமைதான். அதற்காக ஒரு பிள்ளையை நாலு பேர் முன்னால் திருடி என்பதா? அவள் கருத்து பிடிக்கவில்லை என்றால், அவள் எழுதிய வரியையே எடுத்துப் போட்டு, எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று எழுது. காப்பி என்றால் ஆசிரியருக்குத் தனியாக எழுது. யார் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது பதிலோடேயே இருக்கும். மூடில் என்கிற ஆன்லைன் வகுப்புத் தளத்தில், நாம் பதில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் பதில் கண்ணில் படும்படி வைக்க வழி உண்டு. இனிமேல் அப்படி வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார். ராத்திரியில் எதையும் அனுப்பாதே. முதலில் ஆசிரியருக்குத் தனியாக எழுது.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும். நீ அடித்தது, திருத்தியது எல்லாம் அதில் நிற்கும். அதைத் திறந்து காட்டிவிடு. உன்னால் காட்ட முடியும்தானே, அம்மா?

1989-இல் நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தேன். விடைத்தாள் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். ரத்தினம் மாமாவின் தாளை வாங்கி, விடிய விடிய அப்படியே பார்த்து எழுதினேன். சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்துக்கு 13 காதை. மாமா கைதவறி 12 என்று போட்டிருந்தார். நானும் 12 என்று போட்டேன். புகார் 10, வஞ்சி 7, மொத்தம் 30 வர வேண்டும் என்று கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரடி வகுப்பில் பேராசிரியர் இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த 12-இல் விரலை வைத்து, "இது யார் எழுதியது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டார்.

அதற்கப்புறம்தான் உன்னை மடியில் வைத்துக் காது குத்தினார் ரத்தினம் மாமா. அன்றைக்காவது கேட்டிருக்கலாம், மன்னித்துவிடு என்று. போன ஆவணியில் அவர் காரியத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த 12-தான் கண்முன்னால் நின்றது. அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

நீ எழுதியதோ, எடுத்ததோ, என்னிடம் சொல்லலாம். ஞாயிறு பத்து மணிக்கு அம்மா சந்தைக்குப் போய்விடுவாள். அப்போது கூப்பிடு.

அப்பா