மழை பெய்யும்போதே பேசவேண்டிய புகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக விடாத மழை. மூங்கில் கழியில் போட்ட துணி காயவில்லை. இந்த ஈரத்தில் உட்கார்ந்து, இந்தோனீசியாவில் தீப்பிடித்து நம் சிங்கப்பூர்வரை வரும் புகைமூட்டத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். புகை வந்த பிறகு என்95 முகக்கவசம் எந்தக் கடையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் நம் காதில் ஏறாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

2015இல் ஒரு தொடக்கப்பள்ளி உணவகத்தில் கடை வைத்திருந்தேன். செப்டம்பர் 24 ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மறுநாளுக்காக 8 கிலோ கோழியில் மசாலா தடவி வைத்துவிட்டு உட்கார்ந்தால், நாளைக்குப் பள்ளி கிடையாது என்று செய்தி வருகிறது. காலையில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டிவிட்டது. எதிர் புளோக் கண்ணுக்குத் தெரியவில்லை. கோழியை வீணாக்க மனமில்லாமல், சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே பொரித்து எங்கள் மாடி முழுக்கக் கொடுத்தேன். உள்ளேயும் புகை, வெளியேயும் புகை. பொரித்தது 17 கிலோ டின்னில் வாங்கிய செம்பனை எண்ணெயில். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்த பணிப்பெண். இந்தோனீசியாவின் சுமத்ரா தீவில் ஜம்பி மாநிலத்துக்காரர். 2019 செப்டம்பரில் ஒருநாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். முவாரோ ஜம்பி வட்டாரத்தில் பட்டப்பகலில் வானம் செக்கச்செவேல் என்று இருந்தது. யாரோ நிறத்தை மாற்றிப் போட்ட படம் என்றேன். இல்லை, அவர் வீட்டாரே எடுத்தது.

தீ மேலே இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது என்றார். அந்த மண்ணை அவர்கள் 'கம்புட்' என்கிறார்கள். இலையும் கிளையும் தண்ணீருக்குள் கிடந்து, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சதுப்பு மண். செம்பனையும் காகிதக்கூழ் மரமும் நடுவதற்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அது காய்ந்து விறகாகிவிடும். தீப்பிடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அணைந்த மாதிரி இருக்கும், நாலடி தள்ளிப் புகையும். 2015இல் பல நாட்கள், இந்தோனீசியத் தீயிலிருந்து வந்த, பூமியைச் சூடாக்கும் வாயு அமெரிக்கா முழுவதும் ஒரு நாளில் வெளியிடுவதைவிட அதிகமாக இருந்தது. அதில் பெரும்பகுதி மண்ணில் பூட்டி வைத்திருந்த கரி.

அவருடைய தம்பி கால்வாய்க்குத் தடுப்புக் கட்டும் கூலி வேலைக்குப் போனாராம். பலகை அடித்து, மண்மூட்டை அடுக்கினால் தண்ணீர் தேங்கும், மண் ஈரமாகவே இருக்கும். ஆனால் ஊரார் தோட்டத்துக்குப் படகில் போவதும் அதே கால்வாயில்தான். மறுவருடம் யாரோ பிரித்துவிட்டார்கள். திரும்பக் கட்டக் காசில்லை.

எனக்கு இந்தத் தடுப்புதான் முழுக் கதையும். எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றி, தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் உடன்பாடு 2002இல் கையெழுத்தானது. இந்தோனீசியா அதை உறுதிசெய்தது 2014இல். அதே ஆண்டு நாமும், புகைக்குக் காரணமான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளிவரை அபராதம் என்று சட்டம் போட்டோம். அடுத்த ஆண்டே என் கோழிக்கு அந்தக் கதி. சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிலம் எரிந்து கரியான பிறகுதான் அபராதம் வருகிறது. பயிர்செய்யும் கம்புட் நிலத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று இந்தோனீசிய விதியே இருக்கிறது. அதைத் தினம் போய்ப் பார்க்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும்.

நாம் கைகட்டி நின்றோம் என்றும் சொல்லமுடியாது. 2007இலிருந்து சில ஆண்டுகள் சிங்கப்பூர் இதே முவாரோ ஜம்பியில் வேலை செய்தது. தீ வைக்காமல் நிலம் திருத்தவும் மீன் வளர்க்கவும் பயிற்சி, காற்றையும் வானிலையையும் அளக்க நிலையம் என்று நல்ல காரியங்கள். 2011க்கு அப்புறம் அது தொடரவில்லை. யார் மீது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வானம் சிவந்தது அங்கேதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது நம்மிடம் வேறொரு வழி இருக்கிறது. 2025 செப்டம்பரில் நம் அரசு கானா, பெரு, பராகுவே நாடுகளிலிருந்து 2 மில்லியன் டன்னுக்கும் மேலான கார்பன் கிரெடிட்டை, அதாவது கரியமில வாயுவைக் குறைத்ததற்கான சான்றை, 76 மில்லியன் வெள்ளிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. காட்டையும் புல்வெளியையும் காப்பதற்கான பணம். 2026 முதல் 2030 வரை கிரெடிட் வர வர வாங்குவார்கள். எனக்குப் பிடித்தது அந்த முறைதான். ஒரே தடவை கட்டிக்கொடுத்து, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு வருகிற வேலை இல்லை.

பெருவின் காடு நிற்பது நமக்கும் நல்லதே. ஆனால் அங்கே எரிந்தால் என் சமையலறைச் சன்னலில் கரி படியாது. இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஜம்பியின் கால்வாய்களுக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் போடட்டும். தடுப்பு எத்தனை மாதம் நின்றது, நீர் எத்தனை சென்டிமீட்டரில் இருந்தது என்று பார்த்து அந்தக் கிராமத்துக்கே ஆண்டுதோறும் பணம் போகட்டும். தடுப்பில் படகு போக ஒரு வழியும் விடட்டும், இல்லாவிட்டால் மறுபடியும் பிரிப்பார்கள். எண்ணெய் டின்னுக்கு அதனால் இரண்டு வெள்ளி கூடினால் கொடுக்கலாம். கடைக்காரியாக இருந்தவள் சொல்கிறேன், அது தாங்கும்.

அந்தப் பணிப்பெண் ஊருக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசினோம். அங்கேயும் நல்ல மழையாம், கால்வாய் நிரம்பி ஓடுகிறதாம். தம்பி கட்டிய தடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு பலகை மட்டும் கரையில் கிடக்கிறது என்றார்.

இப்படிக்கு,
முன்னாள் பள்ளி உணவகக் கடைக்காரர்,
ஈசூன், சிங்கப்பூர்.