பூம்பாறையில் ஒரு ராத்திரி தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கான தமிழ்நாட்டுப் பயண விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர், மதுரை, பழனி, கொடைக்கானல் என்று ஒரு வாரத்துக்குள் ஓட்டம். கொடைக்கானலுக்கு ஒரே பகல்தான்: ஏரி, தூண் பாறை, சாக்லேட் கடை, அப்புறம் வண்டி இறங்கிவிடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தப் பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்துவிட்டு, கொடைக்கானலுக்குப் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் தங்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் மலைப்பூண்டு கேட்டு வருவார்கள். கடந்த ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு மன்னவனூர் போகும் வழியில் பூம்பாறையில் டீ குடிக்க இறங்கினோம். கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். "அவசரம் ஒண்ணும் இல்லையே அண்ணே, இங்கேயே சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார் ஓட்டுநர் தம்பி. சாயங்காலம் வரை நாங்கள் கிளம்பவில்லை.

சரிவு முழுக்க அடுக்கு வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். ஒரு வீட்டுப் பாட்டி என் பேரனைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். விறகடுப்புக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்குகிறது. புகை பட்டால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாம், விதைக்கும் அதுதானாம். மூட்டையைப் பிரிக்கும்போது என் கடையில் வரும் புகை வாசம் அந்த வீட்டில் வந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருள் என்ற சட்டப்படியான அங்கீகாரம், கிடைத்தது எனக்குத் தெரியும், வாடிக்கையாளர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த அடுப்படியில் நின்ற பிறகு அதே பூண்டை எடைபோட்டுக் கொடுக்கும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது.

அங்கே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த அருணகிரிநாதரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தபோது முருகன் குழந்தையாக வந்து காத்தார் என்பது ஊர்க்கதை. மூலவர் சிலையைப் போகர் சித்தர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணங்களின் கலவையில், செய்தார் என்றும் நம்புகிறார்கள். தைப்பூசத்துக்குத் தேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் நம் பிள்ளைகள் கேட்கவேண்டிய கதை இது. என் பேரன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான்.

நாங்கள் அங்கே இருந்தபோது சுற்றுலா வண்டிகள் மேலே சாலையில் நின்றன. ஊரைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவர்கூட இறங்கி வரவில்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நம் சிங்கப்பூரின் உயரமான குன்றான புக்கிட் தீமா 163 மீட்டர், பூம்பாறையோ ஏறத்தாழ 1,900 மீட்டர். அவ்வளவு தூரம் ஏறி வந்தும் ஊருக்குள் கால் வைக்காமல் திரும்புவது பெரிய நஷ்டம்.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். வெளிநாட்டுக் கடப்பிதழ் உள்ளவர்கள் மின்னஞ்சல் மூலம் பதிவு செய்யலாம். ஆண்டிறுதியில் மழையும் குளிரும் இருக்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டை விளைவித்தவர் வீட்டிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

பயண ஏற்பாட்டாளர்களிடமும் கேட்கிறேன்: பூம்பாறையில் ஒரு ராத்திரி தங்கும் பயணத்தை யாராவது போடுங்கள். அந்த விளம்பரத்தை என் கடை வாசலில் நானே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
தேக்கா, சிங்கப்பூர்