பேராதனையில இருந்து ஒரு கடிதம்

மச்சான்,

உன்ர மெயில் வந்து கிடந்தது, உடன பதில் போடேலாமப் போச்சு, மகளைப் பேராதனையில கொண்டுபோய் விடுற அலுவல்ல நிண்டனான். சயன்ஸ் பகல்ற்றி, பொட்டனி, அதுதான் தாவரவியல், செய்யப்போறன் எண்டு ஒரே பிடிவாதம். மனிசிக்கு மெடிசின் கிடைக்கேல்லை எண்டு கவலை, எனக்கு உள்ளுக்கை நல்ல சந்தோசம்.

கம்பஸுக்குள்ள கட்டடம் கூடிட்டுது, ஆனா செனட் கட்டடத்தடியில நிண்டு பாத்தா ஹந்தானை மலை இன்னும் வடிவாத் தெரியுது. அபக்ரொம்பியும் ஹொலிடேயும் பிளான் போட்டவை, ஷேர்லி டி அல்விஸ் இஞ்சையே நிண்டு கட்டினவர், மரத்தையும் மலையையும் மறைக்காமக் கட்டவேணும் எண்டு அவை நினைச்சது நல்லாவே விளங்குது.

முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ்தான் இந்தக் கம்பஸை உண்டாக்கினவர் எண்டு எல்லாரும் சொல்லுவினம், அதுவும் சரிதான், 1941ல வந்து அடுத்த வருசம் ஜூலை 1ம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகத்தைக் கொழும்பில தொடக்கி, 1952ல பேராதனைக்கு ஏத்திக்கொண்டு வந்த மனிசன். ஆனா அதுக்கு எவ்வளவோ முன்னம், 1906லயே சேர் பொன்னம்பலம் அருணாசலம் பல்கலைக்கழகம் வேணும் எண்டு சங்கம் வைச்சுக் கேட்டவர். 1921ல யூனிவேர்சிற்றி கொலிஜ் ஒண்டுதான் வந்தது, 1924ல அவர் மதுரையில மோசம் போயிட்டார், முழுப் பல்கலைக்கழகத்தைக் காணக் குடுத்துவைக்கேல்லை. நாங்கள் இருந்த அருணாசலம் ஹோல் அவற்ர பேரிலதான் நிக்குது, அதைத் தாண்டி அவரைப் பற்றி அங்க ஆர் கதைக்கினம் சொல்லு? எனக்கு அது மனவருத்தம்தான்.

எங்க கட்டுறது எண்டதில கொழும்பா கண்டியா எண்டு வருசக்கணக்கா இழுபறி. கடைசியில பேராதனையை எடுத்ததைப்போல நல்ல முடிவு ஒண்டில்லை எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா 1821ல இருந்தே தாவரம் படிக்கிற ஆக்கள் இருந்த இடம் அது. மகளோட அங்கையிருக்கிற தாவரவியல் பூங்காவுக்கும் போனனான், மூண்டு பக்கமும் மகாவலி வளைஞ்சு ஓட நடுவில 147 ஏக்கர், உயர்ந்த மரமெல்லாம் வௌவால் தலைகீழாத் தொங்குது, பகல்லயே கீச்சுக் கீச்செண்டு சண்டை, இடைக்கிடை ஒண்டு செட்டையை விரிச்சு விசிறிக்கொள்ளுது. இவள் அண்ணாந்தபடியே நிக்கிறாள், கூப்பிட்டாலும் வாறாளில்லை.

1869ல கோப்பி இலையில மஞ்சள் பொட்டு விழுந்துது எண்டு படிச்சமே, அந்த இலையை இந்தப் பூங்காவில இருந்த துவைற்ஸ்தான் இங்கிலாந்துக்கு அனுப்பினவர், அது புதுப் பூஞ்சணம் எண்டு அங்க பேர் வைச்சினம். கொஞ்சக் காலத்தில கோப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சு தேயிலை வந்தது. கோப்பிக்கெண்டு தமிழ்நாட்டில இருந்து கூட்டிக்கொண்டு வந்த சனம்தான் பிறகு தேயிலைக்கும் முதுகு முறிஞ்சவை. மகளின்ர ரூமில இருக்கிற பிள்ளை ஹற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, அவளும் பொட்டனிதான், அவளின்ர தாய் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு பேரையும் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ எண்டு அழுதவ.

சிங்கராஜா மழைக்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுபதுகளில பிளைவூட்டுக்கெண்டு அங்க மரம் தறிச்சவங்கள், எதிர்ப்பு வந்து 1977ல நிப்பாட்டினது, 1988ல உலக மரபுரிமை ஆச்சு. இப்ப 25 ஹெக்டயர் காட்டில ஒரு சென்ரிமீற்றருக்கு மேல மொத்தமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் தகடு அடிச்சு, சில வருசத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப அளக்கினம், அதில பேராதனை ஆக்களின்ர பங்கு பெரிசு. அட்டை கடிக்கக் கடிக்க மழைக்குள்ள நிண்டு செய்யிற வேலை. ஒரு பல்கலைக்கழகம் தன்ர நாட்டுக்குச் செய்யவேண்டியது இதுதான் எண்டு நான் நினைக்கிறன், டிகிரி குடுக்கிறது அதுக்குப் பிறகு.

அதாலதான் ஹந்தானையைப் பாக்க வயிறு எரியுது. கோடை வந்தாப் புல்லுக்குத் தீ வைக்கிறாங்கள், பைன் ஊசியிலை காய்ஞ்சு கிடக்கிறதால தீ பிடிச்சா நிக்காது, போதாததுக்குச் சரிவில வீடு கட்டுறாங்கள். கம்பஸுக்குள்ளால ஓடுற ஓடையெல்லாம் அந்த மலையில இருந்துதான் இறங்குது, மலை காய்ஞ்சா ஓடையும் போச்சு. எங்கட பட்ச் ஆக்கள் சேர்ந்து ஒரு துண்டிலயாவது நாட்டு மரம் வைப்பம் எண்டு கதைக்கிறம், நட்டுப்போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வாறதில்லை, கோடை முழுக்க ஆள் போட்டுத் தண்ணி விடவேணும், தீ வராமப் புல்லு வெட்டவேணும், அதுக்குத்தான் காசு தேவை. உன்னால என்ன ஏலும் எண்டு யோசிச்சுச் சொல்லு, கனடாவில இருக்கிற மற்றவையிட்டையும் கேள்.

அப்பாவின்ர கண் ஒப்பரேசன் நல்லா முடிஞ்சுது, இப்ப பேப்பர் வாசிக்கிறார். நீ டிசம்பரில வாறது சரியெண்டா டிக்கெட் போட்டவுடன அறிவி, மகளுக்கும் அப்ப லீவு.

உன்ர பழைய ரூம்மேற்