பழைய பிக்அப்புக்கு ஓட்டோ கியர் போடுறவை ஒரு வயரைக் கவனியுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்கட பிக்அப் தானாப் பாய்ஞ்சு வீட்டு மதில்ல ஏறிட்டுது. மகன்ர சைக்கிள் சப்பளிஞ்சதோட போச்சு, பிள்ளை உள்ளுக்கு நிண்டது கடவுள் புண்ணியம். அதாலதான் இதை எழுதுறன்.

அப்பான்ர 1976 டொயோட்டா ஹைலக்ஸ் அது, 12ஆர் எஞ்சின், 1587 சிசி, நாலு கியர். கடுகண்ணாவ ஏத்தத்தில தண்ணி கொதிச்சு பொனட்டைத் திறந்துபோட்டு அப்பா பிளேன்டீ குடிச்சுக்கொண்டு நிண்டது எல்லாம் ஞாபகம் இருக்கு. 2020இல நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025இல திறந்தும் அந்த வரியோட புதுசு எடுக்க எங்களால ஏலாது, எனக்கு இடது முழங்காலும் சரியில்லை, காலி வீதியில கிளச் மிதிச்சுக் களைச்சுப்போய்த்தான் 1781 சிசி 7கே இன்ஜெக்ஷன் எஞ்சினும் கிளச் மிதிக்காம தானா மாறுற ஓட்டோ கியர்பொக்ஸும் போடுவம் எண்டு வெளிக்கிட்டன். (ஓட்டோ எண்டதும் அம்மா, திரீவீலர் கியரோ தம்பி எண்டு கேட்டவ.)

பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில எஞ்சின் கிடைச்சுது. ஆனா வயரிங்கை வெட்டித்தான் இறக்கியிருந்தாங்கள், எஞ்சினை நடத்திற கம்பியூட்டர் பெட்டியும் இல்லை, அதைத் தேடியே ரெண்டு மாசம். வாங்கிறவை எஞ்சின், கியர்பொக்ஸ், கொன்வேட்டர் (ரெண்டுக்கும் நடுவில கிளச்சுக்குப் பதிலா இருக்கிறது), கம்பியூட்டர் பெட்டி, வெட்டாத வயர், கேபிள் எல்லாத்தையும் ஒரே வாகனத்தில இருந்து எடுங்கோ, காசு கூடினாலும் பரவாயில்லை. பழைய எஞ்சின்ர காபரேட்டருக்கு நாலஞ்சு பீஎஸ்ஐ அமுக்கத்தில பெற்றோல் தள்ளுற பம்ப் போதும், இன்ஜெக்ஷனுக்கு 40 பக்கம் வேணும், அதால பம்பும் லைனும் புதுசு. கியர் ஒயில் குளிர பழைய ரேடியேட்டரில வழியில்லை, தனி கூலர் போட்டம். கொன்வேட்டரைக் கடைசிமட்டும் உள்ளுக்கு இறக்காம நட்டை இறுக்கினா கியர்பொக்ஸுக்க இருக்கிற ஒயில் பம்ப் உடையும், இதை ஒரு வயசான மெக்கானிக் பாஸ்தான் எனக்குச் சொன்னவர்.

இனி மதில் கதை. ஓட்டோ வாகனம் பார்க்கிலயும் நியூட்ரலிலயும் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகோணும், அதுக்கு கியர்பொக்ஸில ஒரு சுவிட்ச் இருக்கு. எங்கட வேலை செய்த கராஜில அந்த சுவிட்ச் பொருந்தேல்லை எண்டு ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தி விட்டுட்டாங்கள், அதால எந்தக் கியரிலயும் ஸ்டார்ட் ஆகும், எனக்குச் சொல்லவும் இல்லை. லீவர் டிரைவில, அதாவது முன்னுக்கு ஓடுற நிலையில, கிடந்ததைக் கவனிக்காம சாவியைத் திருப்பினன், அவ்வளவுதான். கேட்டா கராஜ்காரர் "எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிறது" எண்டு சிரிக்கிறார். எனக்கு வந்த கோவம்!

பிரேக்கும் அப்பிடித்தான். முந்தி ஆக்ஸிலேட்டரை விட்டா எஞ்சினே இழுத்துப் பிடிக்கும், ஓட்டோ மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே நிக்கும். எங்கட பழைய டிரம் பிரேக்கில அதைப் பிடிக்கிறது கஷ்டமாக் கிடந்தது, முன்னுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கிறதை லேசாக்கிற பூஸ்டரும் போட்டபிறகுதான் நிம்மதி.

எஞ்சின் நம்பர் மாறினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியோணும், எஞ்சின் வாங்கின பில்லை எறிஞ்சுபோடாதேங்கோ.

வாகனம் கையில வந்த அண்டைக்கே பிரேக்கைக் கெட்டியா மிதிச்சுக்கொண்டு டிரைவில போட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கோ. ஸ்டார்ட் ஆனா அப்பிடியே திருப்பிக் குடுங்கோ. பழைய 12ஆர் எஞ்சினை நான் விக்கேல்லை, சாக்கு சுத்திப் பின்வளவில கிடக்கு, மனிசி ஒவ்வொரு ஞாயிறும் எப்ப எடுக்கப்போறீங்கள் எண்டு கேக்கிறா.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வெள்ளவத்தை.