கேட்காமல் பேசிய விலை யாரைக் கட்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேத்தி பாலாடா விவசாயி ஒருவரின் கேரட்டுக்கு, அவரைக் கேட்காமலே தரகர் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சை ஏற்பதா, மறுப்பதா என்பது விவசாயியின் உரிமை என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 196. ஏற்றுவிட்டால், முதல் நாளே அவர் சொல்லித்தான் பேசியதாகிவிடும். மறுத்தால், அவர் சம்மதித்துவிட்டார் என்று நம்பி நஷ்டப்பட்ட மண்டிக்காரர் பிரிவு 235-ன்படி தரகரிடம்தான் இழப்பீடு கேட்க வேண்டும்.

வாய்விட்டுச் ‘சரி’ என்றால்தான் ஏற்பு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நடத்தையே போதும் என்கிறது பிரிவு 197. விஷயம் தெரிந்த பிறகும் முன்பணத்தை எடுத்துச் செலவழித்தாலோ, மண்டி அனுப்பிய லாரியில் மூட்டையை ஏற்றிவிட்டாலோ, பின்னால் மறுக்க வழியில்லை. கேட்காமல் கணக்கில் பணம் விழுந்ததே ஏற்பாகாது. அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. வந்த கணக்குக்கே உடனே திருப்பி அனுப்புங்கள். ‘இவருக்கு நான் அதிகாரம் தரவில்லை; இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை’ என்று மண்டிக்கும் தரகருக்கும் எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் மறுத்ததைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

விலை மட்டும் வேண்டும், கழிவுப் பிடித்தம் வேண்டாம் என்று பிரித்து ஏற்கவும் முடியாது. ஒரு பகுதியை ஏற்றால் முழுவதையும் ஏற்றதாகவே பிரிவு 199 கொள்ளும். அதே சமயம், கிலோ 30 ரூபாய் என்று மட்டும் சொல்லி, கழுவும் கூலியும் லாரி வாடகையும் விவசாயி தலையில்தான் என்பதை மறைத்திருந்தால், அந்தச் சம்மதம் பிரிவு 198-ன்படி செல்லாது. அதனால் எல்லா நிபந்தனையையும் எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம்.

போகம்தோறும் அதே தரகர் பேசிய விலைக்கு மறுபேச்சின்றிச் சரக்கு அனுப்பி வந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். அவருக்கு அதிகாரம் உண்டு என்று மண்டியை நம்பவைத்தது விவசாயியே என்றாகி, பிரிவு 237 குறுக்கே வரும். தரகரை விலக்கினால் அன்றே மண்டிக்கும் எழுதிச் சொல்லிவிட வேண்டும்.

விவசாயியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தரகர் பேச்சைப் பதிவு செய்வதில்லை என்று மண்டிக்காரர்கள் முடிவெடுக்க வேண்டும். தோட்டக்கலைத் துறையும் தன் பயிற்சி முகாம்களில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர், குன்னூர்