நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்: சூழலியல் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு பறவையினம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. உண்மையில் குறைந்தது நாங்கள் களத்துக்குப் போன நாட்கள்தான். போன இடத்தில் பறவையைப் பார்க்கவில்லை என்றால் பதிவேட்டில் 0 எழுதுவோம். போகவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடுவோம். பல ஆண்டுக் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க நான் எழுதிய கணினி நிரலில் ஒரே ஒரு வரி, வெற்றுக் கட்டங்களை எல்லாம் 0 ஆக்கிவிட்டது. கடைசி ஆண்டுகளில் ஆளும் குறைவு, பயணமும் குறைவு. போகாத இடத்திலெல்லாம் பறவை இல்லை என்று கணினி எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் கோடு அழகாகச் சரிந்தது. எதிர்பார்த்த திசையிலேயே சரிந்ததால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

இரண்டு மதிப்பாய்வாளர்கள் படித்தார்கள். ஒருவர் மூன்றாவது படத்தின் நிறங்களை மாற்றச் சொன்னார். இன்னொருவர் விவாதப் பகுதியைச் சுருக்கச் சொன்னார். நிரலை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அதே முறையைத் தன் தரவில் பயன்படுத்த விரும்பிய ஒரு மாணவி நிரலைக் கேட்டு வாங்கினார். இரண்டாம் நாளே, "இந்த வரி எதற்கு?" என்று எழுதினார். திருத்தம் அனுப்பினோம், வெளியாகவும் செய்தது. அதற்குள் அந்தச் சரிவை மேற்கோள் காட்டிய வேறு கட்டுரைகள் வந்துவிட்டிருந்தன.

தவறு என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மாணவிக்கு இரண்டு நாள் பிடித்த வேலையை, கட்டுரை வெளியாவதற்கு முன் செய்ய யாரும் இல்லையே என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: கட்டுரையின் முடிவு ஒரு நிரலிலிருந்து பிறந்தது என்றால், நிரலையும் தரவையும் வாங்கி, வேறொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகு அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் துறையில் கணக்கு புதிதல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் மீன்பிடிப்பு குறைந்தபோது, ஏட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைகளில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்ததை விலங்கியலாளர் உம்பர்ட்டோ டான்கோனா கவனித்தார். அதை விளக்க அவருடைய மாமனாரான கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டெரா 1926-இல் எழுதியது இரண்டே சமன்பாடுகள். ஆல்ஃபிரட் லோட்கா அதற்கு முந்தைய ஆண்டே தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார். 1976-இல் ராபர்ட் மே, உயிரினத்தொகை வளர்ச்சிக்கான ஒற்றைவரிச் சமன்பாடு ஒன்று எப்படித் தாறுமாறான ஏற்ற இறக்கங்களைத் தரும் என்று காட்டியபோதும், சாதாரணக் கணிப்பான் வைத்திருந்த எவரும் அதைத் தாமே போட்டுப் பார்க்க முடிந்தது. வாதம் முழுவதும் தாளில் இருந்தது. படித்தவர் சரிபார்த்தவராகவும் இருக்க முடிந்தது.

இன்றைக்கு முறைகள் பகுதியில், "ஆர் மொழியில் கலப்பு விளைவு மாதிரியைப் பொருத்தினோம்" என்று ஒரு வரி இருக்கும் (ஆர் என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழி; கலப்பு விளைவு மாதிரி என்பது இடம், ஆண்டு போன்றவற்றால் வரும் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் முறை). அதற்குப் பின்னால் ஆயிரம், இரண்டாயிரம் வரி நிரல். எந்தப் பதிவை நீக்கினோம், எந்த மாறியை மடக்கை எடுத்தோம், வெற்றுக் கட்டத்தை என்ன செய்தோம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்த முடிவுகள் அற்பமானவை அல்ல என்பதற்கு அண்மையில் ஒரு பெரிய சோதனையே நடந்தது. நீலச் சிட்டுக் குஞ்சுகளின் வளர்ச்சியை உடன்பிறப்புகளின் போட்டி பாதிக்கிறதா, யூகலிப்டஸ் நாற்றுகள் முளைத்து நிலைப்பதில் புல் மூட்டத்தின் பங்கு என்ன என்ற இரண்டு கேள்விகளும், அவற்றுக்கான தரவும் 174 குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. எல்லாருக்கும் ஒரே தரவு, ஒரே கேள்வி. வந்த விடைகளோ பரந்து சிதறிக் கிடந்தன. யூகலிப்டஸ் விஷயத்தில் ஒரு பக்கம் எதிர்மறை, மறு பக்கம் நேர்மறை. அவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர். தரவுக்கும் விடைக்கும் நடுவில் நியாயமான தெரிவுகளே அத்தனை இருக்கின்றன. அந்தத் தெரிவுகளை முறைகள் பகுதியின் நாலு பத்தி ஒருநாளும் முழுதாகச் சொல்லாது. நிரல் மட்டுமே சொல்லும்.

அதிலும் 0 என்பது நம் துறையில் மிக வழுக்கலான எண். ஒரு விலங்கு அங்கே இருந்தும், ஒரு முறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்று வைத்துக்கொள்வோம். 5 முறை போயும் ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 17 விழுக்காடு. இதைக் கணக்கில் சேர்க்கும் வாழிட இருப்பு மாதிரிகளை மெக்கென்சியும் சகாக்களும் 2002-இல் முன்வைத்த பிறகு, உண்மையான 0-ஐயும் பார்க்கத் தவறிய 0-ஐயும் பிரித்துப் பேசக் கற்றுக்கொண்டோம். நானோ போகவே போகாத 0 என்று மூன்றாவது வகை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன்!

பிழை இல்லாத நிரலும் ஏமாற்றும். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் உயிர்த்திரளை (மரம், செடிகளின் மொத்த எடையை) வரைபடமாக்கும் கணினி மாதிரி ஒன்றைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. தரவைக் குலுக்கிப் போட்டு ஒரு பகுதியில் பயிற்றுவித்து, மறு பகுதியில் சோதித்தபோது, மாதிரி பாதிக்கு மேற்பட்ட வேறுபாட்டை முன்கணித்ததாகத் தெரிந்தது. அருகருகே உள்ள காட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அல்லவா? அதைக் கருத்தில்கொண்டு, தொலைவில் உள்ள இடங்களை வைத்துச் சோதித்தார்கள். முன்கணிக்கும் திறன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரனின் விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நிரலும் தரவும் கையில் இருந்தால், சோதிக்கும் முறையை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க ஒரு மதிப்பாய்வாளருக்குப் பெரும்பாலும் ஓர் அரைநாள் போதும். இல்லையென்றால், "இடத் தொடர்பைக் கவனித்தீர்களா?" என்று கேட்டு, "கவனித்தோம்" என்ற பதிலோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நடந்த காட் மீன் கதையையும் மறக்க முடியவில்லை. படகுகளின் பிடி வீதம் (ஒரே அளவு உழைப்புக்குக் கிடைக்கும் மீன்) குறையவில்லை, ஆகவே மீன் இருக்கிறது என்பது அன்றைய மதிப்பீடுகள் சாய்ந்திருந்த தூண்களில் ஒன்று. மீன் குறையக் குறைய எஞ்சியவை கூட்டமாக ஓரிடத்தில் சேர்ந்தன. படகுகளின் கருவிகளும் தேர்ந்துகொண்டே போயின. பிடி மட்டும் குறையவில்லை. கரையோர மீனவர்கள் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1992 ஜூலையில் மீன்பிடித் தடை வந்தது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இது நிரல் பிழை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாதிரிக்குள் உட்கார்ந்திருக்கும் அனுமானத்தை வெளியிலிருப்பவர் தொட்டுப் பார்க்க முடியாதபோது என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்களில் பலருடைய விதிமுறைகளில், "நிரலும் தரவும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்" என்று ஏற்கெனவே இருக்கிறது. அது நடக்கிறதா? நிரல் பகிர்வதை ஊக்குவிக்கும் அல்லது கட்டாயமாக்கும் கொள்கை கொண்ட 14 சூழலியல் இதழ்களின் கட்டுரைகளை 2020-இல் குலினாவும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். நிரல் கிடைத்தது 27 விழுக்காட்டில் மட்டுமே. தரவு 79 விழுக்காட்டில் கிடைத்தது, அந்த அளவில் மகிழ்ச்சி. "கேட்டால் தரப்படும்" என்ற வாசகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 516 பழைய கட்டுரைகளின் தரவைக் கேட்டுப் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வில், தரவு உயிரோடு இருப்பதற்கான சாதக விகிதம் (இருக்கும் வாய்ப்புக்கும் இல்லாமல் போகும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) ஆண்டுக்கு 17 விழுக்காடு வீதம் சரிந்திருந்தது. மின்னஞ்சல் முகவரி செத்திருக்கும். வன்வட்டு பரணில் இருக்கும். சமயத்தில் வட்டைப் படிக்கும் கருவியே உலகத்தில் இருக்காது.

இணையக் கிடங்கில் ஒரு கோப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆர் மொழியின் 3.6.0 பதிப்பில், 2019-இல், சமவாய்ப்பாகப் பொறுக்கும் கட்டளையின் உள்முறை மாறியது. அதே சமவாய்ப்பு வரிசையை மறுபடி வரவழைப்பதற்கான பழைய விதை எண்ணையே கொடுத்தாலும் வேறு வரிசை வரும். அடுத்த ஆண்டு 4.0.0 வந்தபோது, எழுத்துகளைத் தானாக வகைமாறியாக (ஆண், பெண் என்பது போன்ற வகைகளாக) மாற்றும் வழக்கம் நின்றது. அதை நம்பியிருந்த பழைய நிரல்கள் பல உடைந்தன. எந்தப் பதிப்பு, எந்தத் தொகுப்புகள், தரவின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், வெற்றுக் கட்டம் எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு இல்லாத நிரல் பாதி நிரல்தான். எக்செல் போன்ற விரிதாளின் கூத்து தனி. மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றித் தொல்லை கொடுத்ததால், 2020-இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது. ஆய்விடங்களுக்கு மாதப் பெயர் போலக் குறியீடு வைக்கும் நம் ஆட்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

களப்பணியாளர்களின் தயக்கத்தை மட்டும் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பத்து ஆண்டு அட்டைக்கடியிலும் மழையிலும் சேர்த்த தரவை, நாற்காலியை விட்டு எழாத ஒருவர் ஒரே மாலையில் தரவிறக்கி அடுத்த கட்டுரை எழுதிவிடுவார் என்ற அச்சம் பொய்யல்ல, நடப்பதுதான். நான் கேட்கும் சோதனைக்குத் தரவு உலகுக்கே திறந்திருக்க வேண்டியதில்லை. சோதிப்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். பொதுவெளிக்கு ஒன்றிரண்டு ஆண்டு கழித்து வரட்டும். தரவுத் தொகுப்பையே மேற்கோள் காட்டத்தக்க வெளியீடாக மதித்து, பயன்படுத்தியவர் பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று வையுங்கள். அரிய உயிரினங்களின் இருப்பிடம் வேட்டைக்காரர் கைக்குப் போகக்கூடாது என்பதும் சரியே. ஆயத்தொலைவுகளை மழுங்கடித்து வெளியிடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. "என் நிரல் அசிங்கமாக இருக்கும்" என்ற வெட்கத்துக்கு மட்டும் என்னிடம் அனுதாபம் இல்லை. என்னுடையதும் அசிங்கம்தான்.

இந்தச் சுமையை ஊதியமில்லாத மதிப்பாய்வாளர் தலையில் கட்டாதீர்கள். தரவு ஆசிரியர் என்று தனியே ஒருவரை வையுங்கள். அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் போன்ற இதழ்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. முதலில், நிரல் இன்னொரு கணினியில் ஓடுகிறதா, வரும் எண்கள் கட்டுரையின் அட்டவணையோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். வாரக்கணக்கில் ஓடும் மாதிரி என்றால் சிறு துண்டுத் தரவில் ஓட்டலாம். நிரலையே செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கும் பழக்கம் பரவிவிட்ட இந்த நேரத்தில் இது கூடுதல் அவசரம். பிழைச்செய்தி இல்லாமல் ஓடுவது சரி என்பதற்குச் சான்றல்ல. என் வரியும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல்தான் ஓடியது.

இந்த மடலுக்குப் பிறகு, நிரலும் தரவும் இல்லாமல் எனக்கு மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரையை, அவற்றை அனுப்பச் சொல்லி ஒற்றை வரியுடன் திருப்பி அனுப்பப் போகிறேன். அதற்காக உங்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கினாலும் வருத்தமில்லை. நீக்காமல், தரவு ஆசிரியர் வேலைக்கு ஆள் தேடினால், வாரத்தில் அரைநாள் என்னால் தர முடியும். அந்த மாணவியையும் கேட்டுப் பாருங்கள். என்னைவிட அவர் வேகமானவர்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கட்டுரை அனுப்பியும் மதிப்பாய்வு செய்தும் வரும் ஒரு சூழலியல் ஆய்வாளர்